போல்ட் ஓட்டை ஒத்துப்போனால் மட்டும் ஹெட் பொருந்திவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் என்ஜினின் பவரைக் கூட்டும் வழிகள் பற்றி உங்கள் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையில், ஒரே குடும்பத்து என்ஜின்களுக்கிடையே சிலிண்டர் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல் பகுதியை) மாற்றிப் போடுவது பற்றிச் சில வரிகள் இருந்தன. ஹெட் போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போனால் போதும், மற்றதெல்லாம் ஒரு நாள் வேலை என்பது அதன் சாரம். அதை நம்பி யாராவது பழைய ஹெட் ஒன்றை விலைபேசக் கிளம்புவதற்கு முன்னால் இந்த விவரங்கள் அச்சில் வர வேண்டும் என்று எழுதுகிறேன். என்ஜின் பிரித்துக் கட்டுவதே என் தொழில்.

முதலில், இந்த வேலையே தவறு என்று நான் சொல்லவில்லை. கம்பெனிகளே செய்த வேலைதான் இது. 1969, 1970 ஆண்டுகளில் ஃபோர்டு விற்ற பாஸ் 302 மஸ்டாங், விண்ட்சர் வகை பிளாக்கின் (பிஸ்டன்கள் ஓடும் கீழ்ப்பகுதியின்) மேல் கிளீவ்லண்டு வகை ஹெட் உட்கார்ந்த என்ஜின். டொயோட்டாவின் 7ஏ பிளாக்கில் 4ஏ-ஜிஇ ஹெட், நிஸானின் ஆர்பி30 பிளாக்கில் ஆர்பி25 அல்லது ஆர்பி26 ஹெட், ஹோண்டாவின் எல்எஸ் பிளாக்கில் விடெக் ஹெட் என்று உலகம் முழுக்க ஓடுகிற ஜோடிகள் பல உண்டு. சாதாரணக் காருக்கென்று செய்த நீண்ட ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) பிளாக்கும், ஸ்போர்ட்ஸ் மாடலுக்கென்று செய்த, தாராளமாக மூச்சு விடும் ஹெட்டும் ஒரே குடும்பத்தில் தனித்தனியாகக் கிடக்கும்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. சேர்த்தால் பலனும் உண்டு. ஆனால் அந்தப் பலன் நான்கு அளவுகளைப் பொறுத்தது: கம்ப்ரஷன் (காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது), பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி, தண்ணீர் வழி, ஆயில் வழி. போல்ட் ஓட்டைகள் இந்த நான்கில் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது.

கம்ப்ரஷனிலிருந்து தொடங்குகிறேன். ஹெட் வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் போட்டுவிடக் கூடிய கணக்கு இது. ஷெவ்ரோலே ஸ்மால் பிளாக் 350-ஐ எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 717 சிசி. கேஸ்கெட்டின் கனத்தால் வரும் இடம் 9 சிசி, பிஸ்டன் மேல்முனைக்கு வந்து நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் 5 சிசி, பிஸ்டன் தலையில் வெட்டியிருக்கும் வால்வுக் குழிகள் 5 சிசி என்று வைத்துக்கொண்டால், ஹெட் அறையைச் சேர்க்காமலே 19 சிசி ஆகிறது. 76 சிசி அறை உள்ள பழைய ஹெட் போட்டால் மொத்தம் 95; 717-உம் 95-உம் சேர்ந்ததை 95-ஆல் வகுத்தால் கம்ப்ரஷன் விகிதம் 8.5. 64 சிசி அறை உள்ள வோர்டெக் ஹெட் போட்டால் மொத்தம் 83, விகிதம் 9.6. தம்பி என்ஜினான 305-க்கென்று வார்த்த, 58 சிசி அறை கொண்ட ஹெட்டைப் போட்டால் மொத்தம் 77; விகிதம் 10.3.

மூன்றில் 305 ஹெட்டுக்குத்தான் கம்ப்ரஷன் அதிகம். அதுதான் சிறந்தது என்று இதைப் பார்த்துப் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஹெட்டின் வால்வுகளும், காற்று போகும் வழியான போர்ட்டும் சிறியவை. 350-க்கு மேல்சுற்றில் (உயர் ஆர்பிஎம்-இல்) தேவைப்படும் காற்று அதற்குள் போகாது. கம்ப்ரஷன் 8.5-லிருந்து 9.6-க்கு உயர்ந்தால், தியரிப்படி கிடைக்கும் லாபம் மூன்றரை சதவீதம் அளவுதான். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் ஹெட் விடும் மூச்சிலிருந்து வர வேண்டும். அந்த 350-க்கு எந்த ஹெட் என்று என்னைக் கேட்டால், கம்ப்ரஷன் குறைவாக இருந்தாலும் வோர்டெக் என்றே சொல்வேன்.

மேலே சொன்னவை எல்லாம் புத்தக அளவுகள். உங்கள் கையில் இருக்கும் ஹெட்டை ஏற்கெனவே யாரோ ஃபேசிங் (முகத்தைச் சீவி மட்டமாக்குவது) செய்திருக்கலாம். வால்வு சீட்டை ஆழமாக வெட்டியிருக்கலாம். ஆகவே அளந்தே தீர வேண்டும். ஹெட்டைக் குப்புறக் கவிழ்த்து மட்டம் பார்த்து நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கை மாட்டி, வால்வு விளிம்பில் கிரீஸ் தடவி மூடுங்கள். அறையின் மேல் சின்ன ஓட்டை போட்ட அக்ரிலிக் தட்டை, அதையும் கிரீஸ் தடவி ஒட்டி, அளவுக்கோடு போட்ட பியூரெட் குழாயிலிருந்து நிறம் கலந்த ஸ்பிரிட்டை விட்டு நிரப்புங்கள். கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறும்போது பியூரெட் காட்டும் எண்தான் அறையின் கொள்ளளவு. எல்லா அறைகளையும் அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று அரை சிசிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரிய அறைக்கு ஏற்றபடி சிறியதைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பிஸ்டனில் குழியோ மேடோ இருந்தால் அதற்கு வழி வேறு. பிஸ்டன் விளிம்பு பிளாக்கின் முகத்திலிருந்து சரியாக 10 மி.மீ. கீழே நிற்கும்படி கிராங்கைத் திருப்புங்கள். பிஸ்டனைச் சுற்றி உள்ள இடுக்கைக் கிரீஸால் அடைத்து, மேலே தட்டை வைத்து ஸ்பிரிட் விடுங்கள். 81 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் 10 மி.மீ. ஆழத்துக்கு 51.5 சிசி பிடிக்க வேண்டும். 55 பிடித்தால் குழி 3.5 சிசி. 48 பிடித்தால் மேடு 3.5 சிசி.

ஸ்ட்ரோக் நீளமானால் அதே அறை எவ்வளவு கூடுதலாகக் கம்ப்ரஷன் தரும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 4ஏ-வும் 7ஏ-வும் ஒரே 81 மி.மீ. விட்டம். ஸ்ட்ரோக் முன்னதற்கு 77, பின்னதற்கு 85.5. சிலிண்டர் கொள்ளளவு 397 சிசியிலிருந்து 441 சிசியாகிறது. 9.4 விகிதம் தந்த அதே எரியிடத்தை மாற்றாமல் வைத்தால் விகிதம் 10.3-க்கு ஏறிவிடும். சுபாருவின் 2.5 லிட்டர் இஜே25 பிளாக்கில் 2.2 லிட்டர் இஜே22 ஹெட் போடுகிறவர்கள் ஆக்டேன் கூடிய பெட்ரோல் தேடுவதற்கு இதே வகைக் கணக்குதான் காரணம்.

கம்ப்ரஷன் கூடிப்போனது தெரிந்ததும் பலரும் எடுக்கும் குறுக்குவழி கனமான கேஸ்கெட், அல்லது இரண்டு கேஸ்கெட். இதைச் செய்யவே கூடாது. பிஸ்டன் மேல்முனைக்கு வரும்போது அதன் தட்டையான ஓரமும் ஹெட்டின் தட்டையான ஓரமும் நெருங்கி, நடுவில் சிக்கும் கலவையைப் பிளக் பக்கம் பிதுக்கித் தள்ள வேண்டும். அந்தக் கலக்கல்தான் எரிதலை வேகமாக்கி நாக்கிங்கை (கலவை தானாகவே வெடித்து எரிவதை) தடுக்கிறது. இந்த இடைவெளி 1 மி.மீ. சுற்றில் இருக்க வேண்டும். கனமான கேஸ்கெட் போட்டு அதை 2 மி.மீ. ஆக்கினால் கம்ப்ரஷன் இறங்கும். நாக்கிங் போகாது, சில நேரம் கூடவே செய்யும். இருப்பதை இழந்ததுதான் மிச்சம். இடைவெளியை 1 மி.மீ.-ல் நிறுத்திக்கொண்டு, அறையிலிருந்தோ பிஸ்டன் குழியிலிருந்தோ உலோகத்தை எடுத்துத்தான் கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டும். அதற்காக 0.8-க்குக் கீழே இறக்கவும் வேண்டாம். சூட்டில், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராட் நீள்வதும் உயர் சுற்றில் பிஸ்டன் லேசாகச் சாய்வதும் சேர்ந்தால் பிஸ்டன் ஹெட்டைத் தட்டிவிடும்.

அடுத்தது வால்வு. பெரிய வால்வும், வால்வைத் தள்ளித் திறக்கும் உயரமான கேமும் கொண்ட ஹெட்டை, வேறொரு ஹெட்டுக்கென்று குழி வெட்டிய பிஸ்டன் மேல் வைக்கிறோம். வால்வின் சாய்வுக் கோணம் வேறாக இருக்கலாம். குழி இருக்கும் இடமும் வேறாக இருக்கலாம். பிஸ்டன் தலையில் லேசாக எண்ணெய் தடவி மெழுகுக் களிமண்ணை அப்பி, நீங்கள் போடப்போகும் அதே கனமுள்ள பழைய கேஸ்கெட்டை வைத்து ஹெட்டை இறுக்கி, டைமிங்கைச் சரியாக வைத்து, கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று திருப்பிக் கழற்றுங்கள். களிமண்ணைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. குறையாமல் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு மூடும்போது பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு மேலே வருகிறது. ஸ்பிரிங் ஒரு கணம் தளர்ந்தாலும் மோதிவிடும். அதோடு எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் அதிகம் நீளும். அதனால்தான் அந்தப் பக்கம் கூடுதல் இடம் கேட்கிறோம். வால்வின் பக்க விளிம்புக்கும் குழியின் சுவருக்கும் நடுவே 1.5 மி.மீ. விட்டுவிடுவது நல்லது.

இந்தச் சோதனையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கேமுக்கும் வால்வுக்கும் நடுவே ஆயில் அழுத்தத்தால் நிற்கும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள என்ஜினில், ஆயில் அழுத்தம் இல்லாத நிலையில் லிஃப்டர் அமுங்கிக்கொள்ளும். வால்வு முழு உயரத்துக்குத் திறக்காது. களிமண் தடித்துத் தெரியும், இடம் தாராளம் என்று தோன்றும். சோதனைக்கு மட்டும் லிஃப்டரை அமுங்காதபடி செய்துகொண்டு, வால்வுக்கு மெல்லிய ஸ்பிரிங் போட்டு டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். மேல்முனையில் மட்டும் பார்த்தாலும் போதாது. எக்ஸாஸ்டுக்கு மேல்முனைக்கு ஏறக்குறைய 10 டிகிரி முன்பும், இன்டேக்குக்கு ஏறக்குறைய 10 டிகிரி பின்பும்தான் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும்.

வால்வு பிஸ்டனை மட்டும்தான் மோதும் என்பதும் இல்லை. பிளாக்கையே மோதும் ஜோடிகளும் உண்டு. மினியின் ஏ-சீரிஸ் என்ஜின் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 998 சிசி பிளாக்கின் சிலிண்டர் விட்டம் 64.6 மி.மீ. 1275-க்கு 70.6. பெரிய என்ஜினின் 12ஜி940 ஹெட் 998-இன் ஸ்டட்டுகளில் அழகாக இறங்கிவிடும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது அதன் விளிம்பு சிலிண்டர் துளைக்கு வெளியே, பிளாக்கின் முகத்தில் இடிக்கும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு சிலிண்டரின் மேல் விளிம்பிலும் பிறை வடிவில் குழி வெட்ட வேண்டும். வால்வு முழுதாகத் திறந்த நிலையில் 1 மி.மீ. இடைவெளி கிடைத்தால் போதும். அதற்கு மேல் ஆழமாகப் போகக் கூடாது. மேல்முனையில் பிஸ்டனின் முதல் ரிங் எங்கே நிற்கிறது என்று பிளாக்கில் கோடு போட்டுக்கொண்டு, குழி அந்தக் கோட்டுக்கு மேலேயே முடிந்துவிடும்படி வெட்ட வேண்டும். கோட்டைத் தாண்டினால் ரிங்குக்குப் பின்னால் எரியும் வாயு கசிந்து, அந்த பிளாக் வீணாகிவிடும். குழி வெட்டும் வேலை வேண்டாம் என்பவர்களுக்கு 12ஜி295 ஹெட் இருக்கிறது. அது 998-இல் குழியில்லாமலே உட்காரும். ரோட்டில் ஓட்டும் காருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

தண்ணீர் வழிக்கு வருகிறேன். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஹெட் மாற்றிய என்ஜின்கள் ரோட்டில் நிற்பதற்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். விண்ட்சர் பிளாக்கில் கிளீவ்லண்டு ஹெட் போடும் வேலையைப் பாருங்கள். விண்ட்சரில் சூடான தண்ணீர் ஹெட்டிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டு வழியாகத் தெர்மோஸ்டாட்டுக்குப் போகும். கிளீவ்லண்டில் மேனிஃபோல்டு உலர்ந்தது. தண்ணீர் ஹெட்டிலிருந்து மறுபடி பிளாக்குக்குள் இறங்கி அங்கிருந்து வெளியேறும். போல்ட் வரிசை ஒன்றுதான், ஆனால் தண்ணீர் போகும் திசையே வேறு. ஹெட்டின் கீழ்முகத்தில் உள்ள வெளியேறும் ஓட்டையை அடைத்து, மேனிஃபோல்டு முகத்தில் புது ஓட்டை திறந்து, அதற்கேற்ற மேனிஃபோல்டையும் போட்டால்தான் என்ஜின் குளிரும். 302 பிளாக்கின் ஹெட் போல்ட் 7/16 அங்குலம், கிளீவ்லண்டு ஹெட்டின் ஓட்டை அரை அங்குல போல்டுக்கானது என்பதால் புஷ்ஷும் தேவைப்படும்.

ஷெவ்ரோலேயின் 400 ஸ்மால் பிளாக்கில் இன்னொரு சிக்கல். அதில் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒட்டி வார்க்கப்பட்டவை; நடுவில் தண்ணீர் ஓடாது. அங்கே உண்டாகும் நீராவி மேலேறி வெளியேறுவதற்காக பிளாக்கிலும் ஹெட்டிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. 350 ஹெட்டில் இவை இருக்காது. அப்படியே மாட்டினால் நீராவி அங்கேயே தங்கி, ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் என்ஜின் சூடேறும். 400-க்கான கேஸ்கெட்டை ஹெட் மேல் வைத்து இடம் குறித்து, 3 மி.மீ. சுமாருக்கு ஓட்டை போடுவது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விட்டால் ஹெட்டே விரிசல் விடலாம்.

கேஸ்கெட்டில் தண்ணீர் ஓட்டைகள் ஏன் பெரிதும் சிறிதுமாக இருக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். பம்புக்குப் பக்கத்தில் சிறிதாகவும் கடைசிச் சிலிண்டர் பக்கம் பெரிதாகவும் வைத்து, தண்ணீரை என்ஜினின் மறுமுனைவரை இழுத்துச் செல்வதற்கான ஏற்பாடு அது. கேஸ்கெட் பொருந்தவில்லை என்று ஓட்டைகளைக் கத்தரியால் பெரிதாக்குகிறவர்கள் கடைசிச் சிலிண்டரைக் காய வைக்கிறார்கள். விட்டமும் முக்கியம். ஹோண்டாவின் பி20 பிளாக் 84 மி.மீ. அதில் போடும் விடெக் ஹெட்டின் அறை 81 மி.மீ.-க்கானது. 81-க்கான கேஸ்கெட்டைப் போட்டால் அதன் உலோக வளையம் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு நின்று சிவக்கச் சிவக்கக் காயும். பிளக் பொறி விடும் முன்பே அது கலவையைப் பற்றவைத்துவிடும். கேஸ்கெட் எப்போதும் இரண்டில் பெரிய விட்டத்துக்கானதாக இருக்க வேண்டும். ஹெட் அறையின் கூர் ஓரங்களை மழுக்கிவிடவும் வேண்டும்.

ஆயிலில் ஹோண்டா எல்எஸ் பிளாக்கும் விடெக் ஹெட்டும் நல்ல பாடம். விடெக் ஹெட்டில் உயர் சுற்றுக் கேமுக்கு மாறுவது ஆயில் அழுத்தத்தால்தான்: வால்வை அழுத்தும் ராக்கர்களுக்குள் இருக்கும் பின்னை ஆயில் தள்ளி, மூன்று ராக்கரையும் ஒன்றாகப் பூட்டும். அதற்கான ஆயில் வழி எல்எஸ் பிளாக்கில் கிடையாது. ஹெட்டின் கீழ்முகத்தில் அந்த வழியின் வாய் திறந்தே கிடக்கும். அதைப் பிளக் போட்டு அடைக்க வேண்டும். பிறகு பிளாக்கில் ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் இடத்தில் டி-இணைப்பு போட்டு, அங்கிருந்து பின்னல் உறையிட்ட குழாய் வழியாக, ஹெட்டில் மரை வெட்டிய ஓட்டைக்கு ஆயிலைக் கொண்டுவர வேண்டும். ஹெட்டை இடம்பிசகாமல் நிறுத்தும் டவல் பின்கள் இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. அதற்கென்று செய்த பின் வேண்டும். டவல் இல்லாமல் போல்டை நம்பி மாட்டினால் ஹெட் ஓரிரு பத்திலொரு மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்து கேஸ்கெட்டைத் தின்னும்.

நிஸான் ஆர்பி30-இல் பிரச்சினை தலைகீழ். ஹெட்டுக்கு ஆயில் அதிகம் போகிறது. திரும்பி இறங்க வழி போதவில்லை. உயர் சுற்றில் ஆயில் ஹெட்டிலேயே தேங்கி, கீழே சம்ப் (ஆயில் தொட்டி) வற்றி, பேரிங் போகும். பிளாக்கிலிருந்து ஹெட்டுக்குப் போகும் வழியில் ரெஸ்ட்ரிக்டர் போட்டு ஆயிலை அளவோடு விட வேண்டும். இறங்கும் ஓட்டைகளைப் பெரிதாக்க வேண்டும். மாறும் கேம் டைமிங் உள்ள ஆர்பி25 ஹெட் என்றால் அதற்கு வெளியிலிருந்து தனிக் குழாய் வேண்டும். புது ஜோடி எதுவானாலும், கேஸ்கெட்டை முதலில் ஹெட் மேலும் பிறகு பிளாக் மேலும் விரித்து, ஒவ்வொரு ஓட்டையும் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அரைமணி நேர வேலை ஒரு முழு என்ஜினைக் காப்பாற்றும்.

டைமிங் பெல்ட் பற்றிச் சுருக்கமாக. பிளாக்கின் உயரம் மாறினால் பெல்ட்டின் நீளம் மாறும். ஆர்பி30-க்கு நீளமான பெல்ட்டும் இடம் மாற்றிய டென்ஷனரும் தேவைப்படுவது அதனால்தான். நீளம் சரியாக அமைந்தாலும் குறிகள் ஒத்துப்போகாது. கேம் புல்லியின் விட்டம் 120 மி.மீ. என்றால், ஹெட் 1 மி.மீ. கீழே இறங்கும்போது கேம் ஏறக்குறைய 1 டிகிரி பின்தங்கும். கிராங்க் கணக்கில் 2 டிகிரி. 40 பல் உள்ள புல்லியில் ஒரு பல் தள்ளினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி மாறும் என்பதால் பல் மாற்றிச் சரிக்கட்ட முடியாது. திருப்பி வைக்கக் கூடிய கேம் புல்லியைப் போட்டு, பிஸ்டன் ஸ்டாப்பரால் உண்மையான மேல்முனையைக் கண்டுபிடித்து, டிகிரி தட்டும் டயல் கேஜும் வைத்துத்தான் கேமை நிறுத்த வேண்டும். கேமை முன்னால் தள்ளினால் இன்டேக் வால்வின் இடைவெளி குறையும், பின்னால் தள்ளினால் எக்ஸாஸ்டின் இடைவெளி குறையும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் களிமண் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். வி-வடிவ என்ஜினில் ஹெட்டை ஃபேசிங் செய்தால் இன்டேக் மேனிஃபோல்டும் நேராக உட்காராது. அதன் முகத்தையும் கூடவே எடுக்க வேண்டும்.

போல்ட் இறுக்கும் வேலையில் எனக்கு வருத்தம் தரும் விஷயம் ஒன்று: பிளாக்கின் போல்ட் ஓட்டைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருப்பதைப் பார்க்காமலே இறுக்குகிறார்கள். அடைபட்ட திரவம் அமுங்காது. டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், ஆனால் ஹெட் அழுந்தியிருக்காது. சில நேரம் பிளாக்கே விரிசல் விடும். ஒவ்வொரு ஓட்டையையும் காற்றடித்துத் துடைத்து, மரையைச் சுத்தம் செய்யும் டேப்பை மட்டும் விட்டு எடுங்கள். வெட்டும் டேப் உலோகத்தைத் தின்றுவிடும். போல்ட் மரையில் எவ்வளவு நீளம் ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரும்பு பிளாக்கில் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு, அலுமினியத்தில் இரண்டு மடங்கு குறைந்தபட்சம். கோணம் பார்த்து நீட்டி இறுக்கும் வகை போல்டை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. ஹெட்டின் முகத்தில் நேர்பட்டை வைத்தால் 0.05 மி.மீ. ஃபில்லர் கேஜ் நுழையக் கூடாது.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகு ஆபத்து கீழே, ராட் போல்ட்டில் வருகிறது. ஹோண்டாவின் பி16ஏ 77.4 மி.மீ. ஸ்ட்ரோக். 8,000 ஆர்பிஎம்-இல் அதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 20.6 மீட்டர் ஓடும். அதே ஹெட்டை 89 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள எல்எஸ் பிளாக்கில் வைத்து அதே 8,000-க்கு ஏற்றினால் 23.7 மீட்டர். ராட் போல்டை இழுக்கும் விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 6,800 சுற்றுக்கென்று செய்த ராட் 8,000-இல் 38 சதவீதம் கூடுதலாக இழுபடும். ஹெட் தாராளமாக மூச்சு விடுவதால் என்ஜின் சத்தமில்லாமல் அந்தச் சுற்றுக்கு ஏறிவிடும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ராட் போல்ட்டை உறுதியானதாக மாற்றி, ராடின் பெரிய முனையை மறுபடி வட்டம் பார்த்துக் கட்டாமல் விடெக் ஹெட் போடுவது சரியல்ல. மாற்ற வசதியில்லை என்றால் 7,000 சுற்றிலேயே லிமிட்டர் வைத்து ஓட்டுங்கள். நீண்ட ஸ்ட்ரோக்கின் நடுச்சுற்று இழுவையே இந்த ஜோடியின் உண்மையான லாபம். 8,000-ஐ விட்டுவிட்டால் பெரிதாக எதுவும் குறையாது.

போர்ட் பெரிதானால் மேல்சுற்றில் பவர் கூடும். கீழ்சுற்றில் காற்றின் வேகம் குறைந்து இழுவை தளரும். நெரிசலில் ஓடும் காருக்கு இது நஷ்டம். வேகமாக எரியும் புது அறைக்கு இக்னிஷன் அட்வான்ஸ் (மேல்முனைக்கு முன்பே பொறி விடும் அளவு) குறைவாகத்தான் தேவை: பழைய ஷெவி ஹெட்டுக்கு 36 டிகிரி வைத்தவர்கள் வோர்டெக்கில் 32 சுற்றில் தொடங்க வேண்டும். வோர்டெக்கில் 11.5 மி.மீ. அளவுக்கு மேல் வால்வைத் தூக்கும் கேம் போட்டால் ஸ்பிரிங் ரிடெய்னர் கைடின் மேல் முட்டும்; கைடைக் குறைக்காமல் அந்த ஹெட்டில் பெரிய கேம் போட வேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டும் தனி. பழையதற்கு 12 போல்ட், இதற்கு எட்டு. ஃபியூயல் இன்ஜெக்ஷன் என்ஜினில் ஹெட் மாற்றினால், எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மேப்பும் மாற வேண்டும். பழைய மேப்புடன் ஓட்டினால் காற்று கூடிய இடத்தில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் உருகும். என்ஜின் மாற்றத்துக்கு அனுமதியும் பதிவும் கட்டாயமாக இருக்கும் இடங்களில், வேலை தொடங்கும் முன்பே அதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் பிரஷர் கேஜ் அசையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். தண்ணீரை நிரப்பிக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். சூடான என்ஜினில் கம்ப்ரஷன் பார்க்கும்போது சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. சில கிலோமீட்டர் பாரத்தோடு ஓட்டியபின் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் அது நாக்கிங். காதுக்குக் கேட்காவிட்டாலும் பிஸ்டன் அரிக்கத் தொடங்கிவிட்டது. உடனே இக்னிஷனை 2 டிகிரி பின்னுக்குத் தள்ளி, கம்ப்ரஷன் கணக்கையும் கலவையையும் மறுபடி சரிபாருங்கள். அதுவரை ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்க வேண்டாம். முதல் 500 கிலோமீட்டரில் ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்த்துவிட்டுப் புது ஃபில்டர் மாட்டுங்கள்.

இப்படிக்கு,
என்ஜின் வேலை செய்யும் வாசகர் ஒருவர்